மூன்றாம் அழைப்பு

நாணற்காடு மூன்று புறமும் எரிந்துகொண்டிருந்தது. நான்காம் புறத்தில் பியாஸ் ஆறு, மலைப்பனி உருகிய கோடை வெள்ளத்தைச் சுமந்துகொண்டு, கரைமண்ணை உடைத்து உடைத்து விழுங்கியபடி ஓடியது. இவ்விரண்டுக்கும் இடையில், குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் சேர்ந்து மறையும் அளவுக்குக் கோரை அடர்ந்த சதுப்பின் நடுவே, ஜவந்த் சிங்கின் குழு பதுங்கியிருந்தது. லாகூரிலிருந்து வந்த மொகலாயப் படையின் பீரங்கிகள் சேற்றில் புதைந்து நின்றுவிட்டன. ஆகவே அப்படை தீயை ஏவியிருந்தது. தீ மெதுவாகத்தான் வந்தது. ஈரம் அதன் காலைப் பிடித்து இழுத்தது. ஆயினும் வந்துகொண்டிருந்தது.

ஜவந்த் சிங் தீ இருந்த திசையைப் பார்க்கவில்லை. ஆறு இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தம்பி சுர்ஜன் சிங், நடந்தே கடக்கக்கூடிய ஆழமற்ற துறை ஒன்றைக் கண்டுபிடித்து வருவதற்காக, முந்தைய நாள் விடியலில் தன் குதிரையில் ஏறிச் சென்றவன். இன்று வெயில் மேற்கே சாயத் தொடங்கிய பின்னும் அவன் திரும்பவில்லை. துறை தெரிந்தால் குழு பிழைக்கும். தெரியாவிட்டால், தீயில் கருகுவதா வெள்ளத்தில் மூழ்குவதா என்ற ஒரு கேள்வி மட்டுமே எஞ்சும். காயம்பட்டவர்கள் பலர் கோரைப் படுக்கைகளில் கிடந்தனர். அவர்களால் நீந்த இயலாது. அவர்களை விட்டுச் செல்ல மற்றவர்களால் இயலாது.

"சர்தார், பாதாம் வெந்துடுச்சு," என்று குரல் கொடுத்தாள் பிஷன் கௌர்.

கொண்டைக்கடலையைத்தான் அவள் பாதாம் என்றாள். இல்லாமையை இல்லாமை என்று சொல்லக் கூசுபவர்கள் கால்சா என்னும் சீக்கியப் போர்க்கூட்டத்தினர். ஒற்றைக் கண்ணை இழந்த தேஸா சிங்கை அவர்கள் 'லட்சம் கண்ணன்' என்றே அழைத்தனர். பிஷன் கௌர் கணவனையும் மகனையும் ஒரே போரில் பறிகொடுத்தபின் குழுவின் அடுப்பை ஏற்றுக்கொண்டவள். எதிரி மூட்டிய பெரும் புகைக்குள் தன் அடுப்பின் சிறு புகை கலந்து மறைந்துவிடும் என்று கணித்து, பல நாள் பட்டினிக்குப் பின் இன்று துணிந்து நெருப்பு மூட்டியவளும் அவளே. கவிழ்த்துப் போட்ட கேடயங்களின் மேல் ரொட்டிகள் வெந்துகொண்டிருந்தன. அந்த மணத்தில், முனகிக்கொண்டிருந்தவர்கள் கூட முனகலை நிறுத்தியிருந்தார்கள்.

"பரிமாறுங்க அக்கா. சீக்கிரம் ஆகட்டும்," என்றான் ஜவந்த் சிங்.

"கூப்பிட வேண்டாமா?"

காட்டில் சமைத்தாலும் மேட்டில் சமைத்தாலும், முதல் கவளத்தை எடுக்குமுன் ஒருவர் எழுந்து நின்று, பசித்தவர் யாராயினும் வரலாம் என்று மும்முறை உரக்கக் கூவ வேண்டும். அதைச் செய்யாமல் அவர்களில் ஒருவரும் இதுவரை உண்டதில்லை.

"இன்னைக்கு வேண்டாம்," என்றான் ஜவந்த் சிங். "நாணலுக்குள்ள அவங்க ஆளுங்க துழாவிக்கிட்டிருக்காங்க. இங்கேர்ந்து ஒரு குரல் கிளம்பினா போதும், நேரா நம்ம தலையில வந்து நிப்பாங்க."

"அப்ப இன்னைக்குச் சாப்பாடும் வேண்டாம்." அவள் அகப்பையைப் பாத்திரத்தின் வாயில் குறுக்கே வைத்துவிட்டுச் சம்மணமிட்டு அமர்ந்தாள்.

"பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது?"

"கதவைச் சாத்திக்கிட்டுத் தின்ன இது என் வீட்டுச் சோறு இல்ல சர்தார். குருவோடது. கூப்பிடாம தின்னா திருட்டுச் சாப்பாடு."

"நான் திருடனாவே செத்துப்போறேன்க்கா," என்றான் தேஸா சிங், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு ரொட்டியை மட்டும் இப்படித் தள்ளு."

"கண்ணு லட்சம் இருந்து என்னடா, வயிறு உனக்கும் ஒண்ணுதானே? பொறுத்துக்க."

சிலர் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் கேடயத்தின் பக்கம் கையை நீட்டவில்லை. அதைக் கண்டபோதே ஜவந்த் சிங் தான் தோற்றுவிட்டதை உணர்ந்தான். தலைவனும் குழுவும் முரண்படும்போது, தீட்சை பெற்ற எவரேனும் ஐவர் கூடி அமர்ந்து கூறும் முடிவே முடிவு. தலைவனும் அதற்குக் கட்டுப்பட்டவனே. ஐவர் எழுந்து சென்று, தரையில் கிடத்திய ஒரு வாளைச் சுற்றி அமர்ந்தார்கள். அவர்களுள் ஒருவன் தொடையில் ஈட்டி பாய்ந்தவன்; மற்றவர் தூக்கிச் சென்று அமர்த்தினர். நெடுநேரம் ஆகவில்லை.

"கூப்பிடணும்," என்றான் ஈட்டி பாய்ந்தவன். "ஆனா உன் பயமும் நியாயம்தான். யார் கூப்பிடறது, எங்க நின்னு கூப்பிடறதுங்கறத நீயே பாத்துக்க."

ஜவந்த் சிங் வாளின் முன் தலை தாழ்த்தினான். உள்ளே சினம் புகைந்தது. ஒரு பழக்கத்துக்காக இத்தனை உயிர்களா என்று எண்ணினான். எனினும், அழைப்பதென்று ஆனபின் அதை வேறொருவன் வாயில் வைக்க அவன் மனம் ஒப்பவில்லை.

"நானே போறேன். பழைய சூளைமேட்டுல நின்னு கூப்பிடறேன். வந்தா என்கிட்ட வரட்டும். நான் திரும்பலேன்னா, தேஸா, நீ இவங்களை இன்னும் உள்ளே கொண்டு போயிடு."

"சாப்பிட்டுட்டா, சாப்பிடாமயா?" என்று கேட்டான் தேஸா சிங்.

"சாப்பிட்டுட்டுத்தான்டா."

சூளைமேடு என்பது எவரோ எக்காலத்திலோ செங்கல் சுட்டுவிட்டுக் கைவிட்ட ஒரு மண்திட்டு. இடுப்பளவு சேற்றில் அதுவரை வந்து சேர்வதற்குள் ஜவந்த் சிங்கின் மூச்சு சூடேறியது. மேட்டின்மேல் ஏறி நின்றான். சுற்றிலும் நாணல் நுனிகளும் புகையும் தவிர வேறெதுவும் தென்படவில்லை. வாளை உருவி வலக்கையில் பிடித்துக்கொண்டு, இடக்கையை வாயருகே குவித்தான்.

"பசிச்சவங்க யாரா இருந்தாலும் வாங்க! குருவோட சாப்பாடு தயார்!"

கொக்குக் கூட்டம் ஒன்று படபடத்து எழுந்து, புகையைக் கண்டு திசை மாறிப் பறந்தது. அவன் அவற்றின் சிறகோசை அடங்கும்வரை காத்திருந்து, இரண்டாம் முறை கூவினான்.

இம்முறை காற்று திரும்பியது. அக்காற்றில், எரியும் நாணலின் நெடிக்கு அடியில், வேறொரு நெடி வந்தது. வெடியுப்பில் ஊறிய கயிறு கனலும் நெடி. துப்பாக்கித் திரி! எவனோ ஒருவன் மிக அருகில், பற்றவைத்த திரியோடு நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு முறை கூவியாகிவிட்டது. திரும்பிச் சென்று மூன்று என்று சொன்னால் மறுப்பவர் எவருமில்லை. குனிந்து நாணலுக்குள் இறங்கினால், குறி வைத்திருப்பவனுக்குக் குறி தவறும். அகப்பையைக் குறுக்கே வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் முகம் நினைவில் எழுந்தது. அவன் நிமிர்ந்து நின்று, மூன்றாம் முறையும், முன்னிரண்டைக் காட்டிலும் உரக்கவே கூவினான்.

நாணல் பிரிந்தது.

வெளியே வந்தவன் மொகலாயக் காலாட்படையைச் சேர்ந்தவன். முப்பது வயதிருக்கலாம். உதடுகள் வெடித்திருந்தன. அவன் அங்கி இடுப்பில் கட்டப்படாமல் தொளதொளவென்று தொங்கியது. படைவீரனுக்கு இடைக்கச்சை இல்லாதது விந்தையாக இருந்தது. துப்பாக்கியின் வாய் ஜவந்த் சிங்கின் மார்பை நோக்கியிருந்தது.

"யாரா இருந்தாலும்னு சொன்னீங்க," என்றான் அவன். "நெஜமாவா?"

ஜவந்த் சிங் விடை சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அந்தப் படைவீரனுக்குப் பின்னாலிருந்து, கடிவாளம் அவன் முழங்கையில் சுற்றியிருக்க, ஒரு குதிரை தலையை நீட்டியது. இடக்காது கிழிந்த சாம்பல்நிறப் பெண்குதிரை. மோர்ணி. சுர்ஜன் சிங்கின் மோர்ணி.

வாள் அவன் கையில் தானாகவே அரைமுழம் உயர்ந்தது. குதிரையோ அந்த அயலானைத் தள்ளிக்கொண்டு வந்து, தன் ஈர மூக்கை ஜவந்த் சிங்கின் தோளில் வைத்து மூச்சுவிட்டது. அதன் வயிற்றுக்குக் குறுக்கே, கோடு இழுத்ததுபோல், ஆற்றின் சாம்பல்நிற வண்டல் காய்ந்து படிந்திருந்தது. கோட்டுக்கு மேலே உடல் சுத்தமாக இருந்தது.

அழைத்தது ஜவந்த் சிங். வந்தது இவன்.

"திரியை அணைச்சுட்டு வாங்க," என்றான் ஜவந்த் சிங். அந்த மரியாதைச் சொல் அவனைக் கேளாமலே வந்து விழுந்தது.

பதுங்கிடத்தில் வரிசை அமர்ந்தது. வந்தவனை நடுவில் அமர்த்தினார்கள். கை கழுவ நீர் ஊற்றினார்கள். அனைவரும் குதிரையைக் கண்டார்கள். கண்டபின் அனைவரும் ஜவந்த் சிங்கைக் கண்டார்கள். பிறகு எல்லோரும் தத்தம் ரொட்டியை நோக்கிக் குனிந்துகொண்டார்கள். அழைப்புக்கு வந்தவனிடம் பெயரோ ஊரோ சாதியோ சமயமோ, வந்த வழியோ கேட்கும் வழக்கம் இல்லை. ஒன்றைக் கேட்டுப் பெற்றால் உணவு அதற்கு விலையாகிவிடும்.

பிஷன் கௌரின் அகப்பை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. சுர்ஜன் சிங்கை அவள் தன் மகனுக்கு ஈடாக வைத்திருந்தாள். பிறகு அகப்பை இறங்கியது. முதலில் வந்தவனுக்கே இறங்கியது.

"பாதாம் இன்னும் கொஞ்சம் போடட்டுமா மியான்?"

"பாதாமா?" அவன் இலையை உற்றுப் பார்த்தான். "இது கடலையாச்சே."

"உங்க ஊர்ல அப்படிச் சொல்லுவாங்க போல."

எவனோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டான். வந்தவன் மென்றான், மீண்டும் மென்றான்.

"உப்பே இல்லையே."

"உப்பு வர்ற வழியில உங்க ஆளுங்கதானே நிக்கிறாங்க," என்றாள் அவள். "போய் வழி விடச் சொல்லுங்க, அடுத்த தடவை போடறேன்."

அதன்பின் மெல்லும் ஓசையும், தொலைவில் நாணற்கணுக்கள் வெடிக்கும் ஓசையும் மட்டுமே கேட்டன. வந்தவன் ஒரு ரொட்டியை முடித்தான். இன்னொன்று வந்தது. அவன் அதைப் பிய்க்காமல் இருபுறமும் பார்த்தான். தேஸா சிங்கின் ஒற்றைக் கண் தன்மேல் படிந்திருப்பதை உணர்ந்து பார்வையை விலக்கினால், அங்கே இன்னொருவன். ஜவந்த் சிங் நேர் எதிரே அமர்ந்து, தன் பங்கை விழுங்க முயன்றுகொண்டிருந்தான். என் தம்பி எங்கே என்னும் மூன்று சொற்கள் கடலையைவிடக் கடினமாகத் தொண்டையில் நின்றன. இவன் எழுந்து போய்விட்டால் அவற்றைக் கேட்பதற்கு இனி வேறு ஆள் கிடைக்கமாட்டான். துறையைப் பற்றிக் கேட்பதற்கும் கிடைக்கமாட்டான். நெருப்பு நெருங்கி வந்ததன் வெம்மை கன்னத்தில் தெரிந்தது. கேட்டுவிடலாம். ஒரே ஒரு வார்த்தை.

அவன் நீரை எடுத்துக் குடித்தான்.

"என்னய்யா இது!" வந்தவன் ரொட்டியை இலையில் போட்டான். "எல்லாரும் அந்தக் குதிரையைப் பாக்கறீங்க, என்னைப் பாக்கறீங்க. ஏன் ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டேங்கறீங்க?"

"நாங்க கேக்கறதில்ல," என்றாள் பிஷன் கௌர். "சாப்பிடுங்க."

"எப்படிச் சாப்பிடறது?" அவன் குரல் உடைந்தது. "நான் திருடல. அது நேத்து சாயங்காலம். ஆத்துல, ரெண்டு இலவமரம் நிக்குதே, அதுக்கு நேரா ஒரு மணல்திட்டு. அவன் அக்கரைலேர்ந்து வந்துகிட்டிருந்தான். குதிரைக்கு வயிறு மட்டும்தான் தண்ணி. நாங்க கரையில எட்டுப் பேர். ஜமேதார் கையைக் காட்டினான், எட்டுத் துப்பாக்கியும் ஒண்ணா வெடிச்சுது. அதுல என்னதும் ஒண்ணு. எவன் குண்டு பட்டுதுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

தேஸா சிங் தன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"திட்டுல நின்ன குதிரையைப் பிடிச்சுட்டு வாடான்னு என்னை அனுப்பினாங்க. ஏறி உக்காந்தேன். அது என் பேச்சைக் கேட்டாத்தானே? புகைக்குள்ள இழுத்துக்கிட்டு ஓடி வந்துடுச்சு. ராத்திரி முழுக்க, இன்னைக்குப் பூரா, எங்க இழுத்துதோ அங்க நடந்தேன்." அவன் ஜவந்த் சிங்கை நிமிர்ந்து பார்த்தான். முக ஒற்றுமையை அப்போதுதான் கண்டானோ என்னவோ, குரல் தாழ்ந்தது. "சர்தார்ஜி, எனக்கு ஒண்ணுதான் புரியல. அவன் தப்பிச்சு அக்கரை போயாச்சு. அப்படியே போயிருக்கலாம். எதுக்குத் திரும்பி வந்தான்?"

"நாங்க இங்க இருக்கோமில்ல," என்றான் ஜவந்த் சிங்.

அதைச் சொல்லிவிட்டு எழுந்தான். கை கழுவச் சென்றவன், நீர் ஊற்றுபவன் நிறுத்தியபின்னும் கைகளை நீட்டியபடியே நின்றான்.

வரிசை கலைந்ததும் தேஸா சிங் வாளின் பிடியில் கை வைத்தான். "சாப்பாடு முடிஞ்சுது. இனி இவன் விருந்தாளி இல்ல."

"விடு."

"விட்டா நேரா ஜமேதார்கிட்ட போவான். சுர்ஜனைக் கொன்ன கை, சர்தார்! உன் தம்பி!"

"என் தம்பிங்கறது எனக்குத் தெரியாதா?" ஜவந்த் சிங்கின் குரல் உயரவில்லை. "கூப்பிட்டது என் வாய். சோத்தைக் காட்டிப் புடிச்சு வெட்டறதுக்கு நாம வேட்டைக்காரங்களா? அவர் போற வழியில போகட்டும். நாம நம்ம வழியில போவோம். இலவமரம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல? காயம்பட்டவங்களைக் குதிரைங்க மேல ஏத்து. இப்பவே."

வந்தவன் நம்பாதவனாய் நின்றான். "நெஜமாவே விடறீங்களா? நான் போய்ச் சொல்லிடுவேன். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உங்க சோத்துல உப்பு இல்ல சர்தார்ஜி. நாளைக்கு என்னை உப்பைத் தின்ன துரோகின்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டோம். போங்க."

அவன் சிறிது தயங்கி, மோர்ணியை ஒருமுறை பார்த்துவிட்டு, நாணலுக்குள் புகுந்து மறைந்தான்.

சூரியன் புகைக்குள் செம்பழமாய்த் தொங்கியபோது அவர்கள் இலவமரங்களுக்கு எதிரே வந்து சேர்ந்தார்கள். கரையில் காவல் இருந்தது. தேஸா சிங்கும் இன்னும் சிலரும் வடக்கே விலகிச் சென்று, கூச்சலிட்டபடி பாய்ந்து, ஒரு வீச்சு வீசிவிட்டுத் திரும்பி ஓடினார்கள். காவலர் துரத்தியதும் திடீரென்று திரும்பி மீண்டும் பாய்ந்தார்கள். வருவதும் அடிப்பதும் ஓடுவதும் அவர்களுக்குப் பழகிய போர்முறை. அந்தக் குழப்பத்தின் ஊடே ஜவந்த் சிங், மோர்ணியின் முதுகில் இருவரைக் கட்டிவைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான். வெள்ளம் முழங்காலைத் தள்ளியது; தொடையைத் தள்ளியது; இடுப்பைத் தாண்டி நின்றது. பின்னால் பிஷன் கௌர் ரொட்டி மூட்டையைத் தலைமேல் பிடித்தபடி வந்தாள். மற்றவர் ஒருவர் கச்சையை மற்றொருவர் பற்றிக்கொண்டு வந்தனர்.

ஆற்றின் நடுவே மணல்திட்டு. அதன்மேல் சுர்ஜன் சிங் கிடந்தான்.

கைகள் மார்பின்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. முகத்தின்மேல், காற்றில் பறந்துவிடாதபடி இருபுறமும் கூழாங்கற்கள் வைத்து, பச்சைக்கரையிட்ட ஒரு நீண்ட துணி விரித்திருந்தது. படைவீரன் இடையில் கட்டும் கச்சை.

ஜவந்த் சிங் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நிற்க நேரமில்லை. கச்சையை விலக்கி முகத்தை ஒருமுறை கண்டு, மீண்டும் அதனாலேயே மூடிக் கட்டினான். பிஷன் கௌர் மூட்டையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு கால்பக்கம் பிடித்தாள். இருவருமாய் உடலை ஆழமான பக்கத்தில் ஆற்றிடம் ஒப்படைத்தார்கள். வெள்ளம் ஒருமுறை சுழற்றி வாங்கிக்கொண்டது.

திட்டிலிருந்து மறுபுறம் இறங்கும்போது கரையில் புதிய கூச்சல் எழுந்தது. உதவிப்படை ஓடி வந்துகொண்டிருந்தது. வரிசையின் ஓரத்தில், தொளதொளத்த அங்கியோடு மூச்சிரைக்க நின்றவனை ஜவந்த் சிங் அடையாளம் கண்டான். சொன்னபடியே ஜமேதாரிடம் போய்ச் சொல்லியிருந்தான். இப்போது அவன் துப்பாக்கியை ஊன்றுகோலில் சாய்த்து, திரியை ஊதி, கன்னத்தைப் பதித்தான். துப்பாக்கியின் வாய் நேராக ஜவந்த் சிங்கை நோக்கியே நின்றது. அந்த முகத்தில் பகையும் தெரியவில்லை, நட்பும் தெரியவில்லை. வேலையில் இருப்பவனின் முகம்.

ஜமேதாரின் கை இறங்கியது. கரை முழுவதும் வெண்புகை பூத்தது. ஜவந்த் சிங்குக்குப் பின்னால் ஈட்டி பாய்ந்தவன் சத்தமின்றி நீருக்குள் சரிந்தான். இன்னொரு குண்டு மோர்ணியின் கிழியாத காதைக் கிழித்துக்கொண்டு போனது. அது கனைத்துத் துள்ளியது. கடிவாளத்தைப் பற்றியிருந்த கையோடு அவனையும் இழுத்துக்கொண்டு கரையேறியது. எவன் குண்டு எங்கே போயிற்று என்று ஜவந்த் சிங்குக்கும் தெரியவில்லை.

அக்கரையில், குண்டு எட்டாத ஒரு பள்ளத்தில், வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராய் விழுந்து கிடந்தார்கள். தேஸா சிங் கடைசியாக, தலைப்பாகை இல்லாமல், ஆனால் சிரித்துக்கொண்டே வந்தான். வராதவர்களின் பெயர்களை எவரும் இன்னும் சொல்லவில்லை. மேற்கே நாணற்காடு முழுவதும் ஒரே தீயாக எரிந்தது. அந்த வெளிச்சம் ஆற்றில் படர்ந்து, எதிர்க்கரையில் நின்றவர்களின் நிழல்களைக் காட்டியது.

பிஷன் கௌர் மூட்டையை அவிழ்த்தாள். நனைந்த ரொட்டிகளைப் பிரித்து அடுக்கினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜவந்த் சிங்கை ஏறிட்டுப் பார்த்தாள்.

இம்முறை அவன் மறுக்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில் ஏறி, ஆற்றை நோக்கி நின்றான். முதல் அழைப்பில் அவன் குரல் கரகரத்தது. இரண்டாம் அழைப்பில் தெளிந்தது. மூன்றாம் அழைப்பு நீரின்மேல் ஓடி, எதிர்க்கரையின் நிழல்களைத் தொட்டு, எரியும் காட்டுக்குள் போயிற்று.

வழக்கத்துக்கு மேலும் சிறிது நேரம் அவன் அங்கேயே நின்றான். பிறகு இறங்கி வந்து வரிசையில் அமர்ந்தான்.

"பரிமாறுங்க அக்கா," என்றான்.